பாத்திரத்துக்குச் சாம்பல், கைக்குச் சவுக்காரம்

(தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் கூடிய தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேசப் போவது பாத்திரம் கழுவுவதைப் பற்றி. "இதில் பேச என்ன இருக்கு?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். இருக்குது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரிசி, மா, சீனியோடு சவுக்காரமும் விலை ஏறியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். காசு முடைப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரே கட்டிச் சவுக்காரத்தைப் பாத்திரத்துக்கும் துணிக்கும் மேலுக்கும் இழுக்கிறோம். கடைசியில் கக்கூஸ் போய் வந்து கை கழுவ ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருகிற வழி அதுதான்.

ஆகவே நாம் சொல்ல வந்தது ஒன்றுதான். பாத்திரத்தை வீட்டில் உள்ளதைக் கொண்டு கழுவுவோம். மிஞ்சும் காசில் கை கழுவச் சவுக்காரம் வாங்கி வைப்போம்.

முதலில் சாம்பல். கவ்வாத்து மிலாறு எரித்த சாம்பல் நம் அடுப்பிலேயே இருக்குது. நம் பாட்டிமார் அதைக் கொண்டு தேய்த்தது சும்மா இல்லை. விறகுச் சாம்பலில் காரத்தன்மை உண்டு. அது தண்ணீரில் கலந்து எண்ணெய்ப் பிசுக்கில் பட்டால், அந்தப் பிசுக்கில் கொஞ்சம் சவுக்காரமாகவே மாறும். மீதியைச் சாம்பலின் பொடி உரசி எடுக்கும்.

சாம்பலைச் சல்லடையில் சலித்து, கரியையும் கல்லையும் நீக்கி, மூடியுள்ள தகர டின்னில் ஈரம் படாமல் வையுங்கள். தட்டில் ஒட்டிய சோற்றையும் எண்ணெயையும் முதலில் வழித்து எடுங்கள். பிறகு தேங்காய்த் தும்பை நனைத்து, சாம்பலில் தொட்டுத் தேயுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். பொலித்தீன், பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். அதில் விஷம் இருக்கலாம். அலுமினியச் சட்டியில் சாம்பல் கரைசலை ஊற வைக்காதீர்கள். சட்டி கறுத்துப் போகும், அரித்தும் போகும். தேய்த்தவுடன் கழுவிவிட வேணும்.

இரண்டாவது பூந்திக்கொட்டை. சிங்களத்தில் இதைப் பெனெல என்பார்கள். வரண்ட பிரதேசத்து மரம். நம் மலைப்பக்கம் கிடைக்காவிட்டாலும், டவுனில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். பதினைந்து கொட்டை எடுத்து, உள்ளேயிருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறப் போடுங்கள். காலையில் இருபது நிமிஷம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். பொங்கி வழியும், பக்கத்தில் இருந்து பாருங்கள். ஆறியதும் கையால் பிசைந்து, சீலைத் துணியில் வடித்து, கழுவிக் காய்ந்த போத்தலில் ஊற்றுங்கள். பிழிந்த எலுமிச்சைத் தோல் இருந்தால் கொதிக்கும்போதே சேர்க்கலாம், வாசம் நல்லாயிருக்கும்.

கடைச் சவுக்காரம் போல் நுரை வராது. நுரை குறைந்தால் அழுக்குப் போகாது என்று நினைக்க வேண்டாம். கறிச்சட்டிக்கு மட்டும் சுடுதண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தண்ணீர் நாட்பட நிற்காது. நாலைந்து நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் செய்யுங்கள். புளித்த வாடை வந்தால் ஊற்றிவிடுங்கள்.

இனி சில எச்சரிக்கைகள். இயற்கையானது என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும், பிள்ளை குடித்தால் வாந்தி எடுக்கும். ஆகவே பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மருந்தடிக்கிற கேனிலோ போத்தலிலோ ஒருபோதும் ஊற்ற வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அது பாத்திரத்துக்கு ஆகாது. கோஸ்டிக் சோடா வாங்கி வீட்டில் சவுக்காரக் கட்டி காய்ச்சும் எண்ணமும் வேண்டாம். அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். அடுப்பும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்கும் லயத்துக் காம்பராவில் அது பெரிய ஆபத்து.

கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். பூந்திக்கொட்டைச் சாறு மீனைக் கொல்லும். அதோடு, மேல் லயத்தில் நாம் ஊற்றுவது கீழ் லயத்துப் பீலிக்கும் போய்ச் சேரலாம். பீலியிலிருந்து தள்ளி, மண்ணில் ஊற்றிவிடுங்கள்.

கொழுந்து எடுத்து வெடித்த கையில் சாம்பல் பட்டால் எரியும். கையில் காயம் இருக்கும் நாளில் பூந்திக்கொட்டைத் தண்ணீரே நல்லது. அதுவும் எரிச்சல் தந்தால் அன்றைக்கு வேறொருவர் கழுவட்டும். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அண்ணன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பகலெல்லாம் மலையில் நின்று வந்தவள், இருட்டில் குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் தேய்க்க வேணுமா? சட்டிக்குச் சாம்பல் போடுவது ஆம்பளைக் கைக்கும் முடியும்.

கடைசியாக, கழுவிய பாத்திரத்தைத் தரையில் போடாமல், மூங்கில் தட்டியில் கவிழ்த்து வெயிலில் காய வையுங்கள். அலசும் தண்ணீர் அழுக்காயிருந்தால் எந்தச் சவுக்காரமும் பயன்படாது. கக்கூஸ் போய் வந்தபின்னும், சமைக்க முன்னும், பிள்ளைக்குச் சோறூட்ட முன்னும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அந்த ஒரு கட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.