இயந்திரம் பார்ப்பதும் நாம் பார்க்க வேண்டியதும்

(ஆய்வகக் கையேடு எழுதும் ஆசிரியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே பேச அழைத்தவர்கள், "எக்ஸ்எம்எல் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி வேண்டாம்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். எனக்கு அது வசதியான நிபந்தனைதான். நான் நிரல் எழுதுபவன் அல்லன். தொழில்நுட்பக் கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் பக்கம் அமைத்து, எக்ஸ்எம்எல் கோப்பாக்கித் தரும் நிறுவனங்கள் பல உண்டு. உங்கள் வகுப்பில் படித்துப் போன பிள்ளைகள் சிலர் இப்போது அங்கே வேலை செய்துகொண்டிருக்கலாம். அந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதில் ஆசிரியருக்குப் பயன்படுவதை மட்டும் இன்று சொல்கிறேன்.

குறிச்சொல் என்பது என்ன?

அந்தக் காலத்து அச்சகத்தை நினைத்துப் பாருங்கள். கையெழுத்துப் படியின் ஓரத்தில் பதிப்பாசிரியர் 'இது தலைப்பு', 'இது அடிக்குறிப்பு' என்று எழுதி அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பார். பாடம் வேறு, பாடத்தைப் பற்றிய குறிப்பு வேறு. அந்த ஓரக் குறிப்பைக் கணினிக்குப் புரியும்படி எழுதுவதுதான் குறிச்சொல். தொழிலில் 'டேக்' என்போம்.

1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்டு மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் இதற்கு ஒரு மொழியை உருவாக்கினார்கள். அது வளர்ந்து எஸ்ஜிஎம்எல் என்ற பெயரில் 1986இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாயிற்று. அதை எளிமையாக்கி, 1998 பிப்ரவரி 10 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்டதுதான் எக்ஸ்எம்எல்.

ஓர் எடுத்துக்காட்டு:

<படி>சோதனைக் குழாயில் <அளவு அலகு="மி.லி.">5</அளவு> நீர் எடுக்கவும்.</படி>

குறிச்சொற்கள் தமிழில் இருக்கின்றனவே என்று வியக்க வேண்டாம். எக்ஸ்எம்எல்லில் குறிச்சொற்களின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. இங்கே 'படி' என்பது ஒரு பெட்டி. அதற்குள் 'அளவு' என்பது இன்னொரு பெட்டி. உள்ளே இருப்பதை மூடிவிட்டுத்தான் வெளியே இருப்பதை மூட வேண்டும். திறந்தது எதுவும் மூடாமல் நிற்கக்கூடாது. எல்லாவற்றையும் அடக்கும் பெரிய பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

ஓர் ஆவணம் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், அது ஒரு கேள்வி அல்ல, மூன்று கேள்விகள். திருக்குறளைக் கொண்டு விளக்குகிறேன்.

திருக்குறளை எக்ஸ்எம்எல்லில் இடுவதாக வைத்துக்கொள்வோம். நூலுக்குள் பால், பாலுக்குள் அதிகாரம், அதிகாரத்துக்குள் குறள். முதல் கேள்வி: திறந்த பெட்டியெல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறதா? ஓர் அதிகாரத்தை மூட மறந்துவிட்டால் கணினி கோப்பைத் திறக்கவே மறுத்து, எந்த வரியில் தடுக்கியது என்று சொல்லிவிடும்.

இரண்டாவது கேள்வி: நாம் வகுத்த விதிக்கு உட்பட்டிருக்கிறதா? 'நூலில் 3 பால்; அவற்றில் முறையே 38, 70, 25 அதிகாரங்கள்; ஒவ்வோர் அதிகாரத்திலும் 10 குறள்' என்று விதி எழுதி வைக்கலாம். இந்த விதிக்கோப்பைத்தான் 'ஸ்கீமா' என்கிறார்கள். ஓர் அதிகாரத்தில் 9 குறள் மட்டும் இருந்தால், பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தாலும் கணினி பிழை காட்டும்.

மூன்றாவது கேள்வி: ஓர் அதிகாரத்துக் குறளும் மற்றோர் அதிகாரத்துக் குறளும் இடம் மாறிவிட்டன. இரண்டிலும் 10 குறள் இருக்கின்றன. மொத்தம் 1330. பெட்டிகள் சரி, விதியும் சரி. கணினி பச்சை விளக்குக் காட்டும். ஆனால் நூல் தவறு. இதைக் கண்டுபிடிக்கக் குறள் படித்த ஒரு மனிதர் வேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். மூன்றாவது கேள்வி நம்முடையது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதன் விளக்கம்.

பச்சை விளக்கை நம்பினால்

இந்த மூன்றாவது கேள்வியை ஆய்வகக் கையேட்டில் வைத்துப் பாருங்கள். 'அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றவும்' என்பது சரியான வாக்கியம். 'நீரை அமிலத்தில் சிறிது சிறிதாக ஊற்றவும்' என்பதும் இலக்கணப்படி சரியான வாக்கியம். ஐ உருபும் இல் உருபும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை, குறிச்சொல் பிழை இல்லை.

ஆனால் அடர் கந்தக அமிலம் நீரோடு சேரும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அமிலம் நீரைப் போல் ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தி உடையது. அதில் நீரை ஊற்றினால் நீர் மேலே தங்கி, கொதித்து, அமிலத்தோடு சேர்ந்து முகத்தில் தெறிக்கும். இரண்டு உருபுகள் இடம் மாறியதற்கு ஒரு மாணவியின் கண் விலையாகிவிடக் கூடாது.

என் பணியில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். ஓர் இயந்திரப் பராமரிப்புக் கையேடு. நான்காம் படி: 'மூடியைக் கழற்றவும்'. ஐந்தாம் படி: 'மின் இணைப்பைத் துண்டிக்கவும்'. சோதனை மென்பொருள் எல்லாவற்றையும் கடந்து, பிழை எதுவும் இல்லை என்ற சான்றோடு மெய்ப்புக்கு வந்தது. என் பக்கத்து மேசைத் தோழி ஒருவர் ஒவ்வொரு படியையும் கையால் செய்வதுபோல் பாவனை செய்து படிப்பவர். நான்காம் படியில் கையை நீட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவருடைய கை கண்டுபிடித்ததை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்கவில்லை.

பிழை ஒளிய இடம் தராத அமைப்பு

மெய்ப்புப் பார்ப்பவரின் கண் சோர்வடையும். எனவே எழுதும்போதே பிழை எளிதில் தெரியும்படி அமைக்க வேண்டும். சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒரு படிக்கு ஒரு செயல். 'கரைசலை வடிகட்டி, சூடாக்கி, குளிரவைத்து, எடை காணவும்' என்று எழுதினால் ஒரு படிக்குள் நான்கு செயல்கள். இடையில் ஒன்று விடுபட்டாலும் தெரியாது. நான்கு படிகளாகப் பிரித்தால் விடுபட்டது கண்ணில் படும்.

எச்சரிக்கை, செயலுக்கு முன்னால் வர வேண்டும். ஊற்றி முடித்த பிறகு 'கவனம்' என்று படித்து என்ன பயன்? இதை ஸ்கீமாவில் விதியாகவே எழுதிவிடலாம். 'செய்முறைக்கு முன் எச்சரிக்கை என்ற பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டால், அதை விட்டுவிட்டு எழுதும் கோப்பை இயந்திரமே திருப்பி அனுப்பும். பெட்டி இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். பெட்டிக்குள் இருப்பது இந்தச் சோதனைக்கு உரிய எச்சரிக்கைதானா என்று நாம் பார்க்க வேண்டும்.

தோற்றத்துக்குப் பெயர் வைக்காமல் பொருளுக்குப் பெயர் வையுங்கள். ஒரு கலைச்சொல்லைச் 'சாய்வு' என்று குறித்தால் அது சாய்வெழுத்தில் அச்சாகும், அதோடு சரி. 'கலைச்சொல்' என்று குறித்தால், அச்சில் சாய்வாகவும் காட்டலாம், நூலின் இறுதியில் கலைச்சொல் அகராதியைத் தானே தொகுக்கவும் செய்யலாம்.

எண்களையும் மேற்கோள்களையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். 'படம் 3ஐப் பார்க்க' என்று தட்டச்சு செய்துவிட்டு, பிறகு நடுவில் ஒரு படத்தைச் சேர்த்தால் எண் பிசகும். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, அந்தப் பெயரைச் சுட்டினால் எண்ணைக் கணினி இடும். சுட்டிய படம் கோப்பில் இல்லாவிட்டால் பிழை காட்டும். சுட்டியது சரியான படம்தானா என்பது மட்டும் நம் பொறுப்பு.

திரும்பத் திரும்ப வருவதை ஒரே இடத்தில் எழுதி, மற்ற இடங்களில் அதைச் சுட்டுங்கள். அமிலம் பற்றிய எச்சரிக்கை பத்துச் சோதனைகளில் வருமானால், ஒருமுறை திருத்தினால் பத்தும் திருந்தும். ஒருமுறை தவறினால் பத்தும் தவறும் என்பதையும் மறக்கக் கூடாது. பொதுப் பகுதிகளை இருவர் படிப்பது நல்லது.

மெய்ப்பு: ஒரு சுற்றுக்கு ஒரு வேலை

விடைத்தாள் திருத்தும்போது முதல் கேள்விக்கான விடையை எல்லாத் தாள்களிலும் திருத்திவிட்டு இரண்டாவதற்குப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். மெய்ப்புக்கும் அதே முறைதான். எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் பிடிக்க நினைத்தால் பாதி தப்பிவிடும்.

முதலில் இயந்திரச் சோதனை. அது கடக்காமல் மனிதர் கையில் எடுக்க வேண்டாம். இங்கே அடிக்கடி தடுக்குவது இரண்டு குறிகள். பாடத்துக்குள் & என்ற குறியையோ, 'வெப்பநிலை < 60' என்பதில் வரும் < குறியையோ அப்படியே இட்டால், கணினி அதைச் சிறப்புக் குறியீட்டின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு குழம்பும். அவற்றுக்கென உள்ள மாற்றுக் குறியீட்டைத்தான் இட வேண்டும்.

இரண்டாவது சுற்றில் எண்களும் அலகுகளும் மட்டும். வாக்கியத்தைப் படிக்காதீர்கள். மூலப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். கோப்பு மாற்றத்தில் மேலெழுத்து தொலைந்து 10³ என்பது 103 ஆகிவிடுவது எங்கள் தொழிலில் பழைய வியாதி. 'அலகு' என்ற இடத்தில் மி.லி., கி. போன்றவை மட்டுமே வரலாம் என்று விதி எழுதலாம். 5 வர வேண்டிய இடத்தில் 50 வந்தால் எந்த விதியும் உதவாது.

மூன்றாவது சுற்று அட்டவணைகளுக்கு. உப்புப் பகுப்பாய்வில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்திகள். ஒரு வரிசையின் 'அறிவன' அடுத்த வரிசைக்கு இறங்கியிருந்தால் அட்டவணை அழகாகத்தான் தெரியும். எனவே மேலிருந்து கீழாகப் படிக்காமல், ஒவ்வொரு வரிசையாகக் குறுக்கே படியுங்கள்.

நான்காவது சுற்று மொழிக்கு. ர-ற, ல-ள-ழ, ந-ண-ன, வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் நீங்கள் அறிந்தவை. கணினித் தமிழுக்கே உரிய பிழை ஒன்று உண்டு. 'பௌதிகம்' என்பதற்குப் 'பெளதிகம்' என்று ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். தேடினால் கிடைக்காது. பார்வைத்திறன் குறைந்த மாணவர் திரைவாசிப்பு மென்பொருளில் கேட்கும்போது அந்தச் சொல் சிதைந்து ஒலிக்கும். எகரமும் தமிழ் எண் ௭உம், ககரமும் தமிழ் எண் ௧உம் இப்படியே மயக்கம் தரும்.

கடைசிச் சுற்றில், எழுதாத ஒருவரிடம் கையேட்டைக் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். முதலில் பாவனையாக, பிறகு ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில். எழுதியவர் பக்கத்தில் நின்று வாய் திறக்கக் கூடாது. செய்பவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே திருத்தம் தேவை.

திருத்தத்தை எப்போதும் மூலக் கோப்பில் செய்யுங்கள். ஒரே எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து அச்சுப் பிரதியும் வரும், கைப்பேசியில் படிக்கும் மின்னூலும் வரும். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் மட்டும் திருத்தினால், அடுத்த பதிப்பில் பழைய பிழை மீண்டும் எழுந்து வரும்.

நாளையே செய்யக்கூடியது

எங்கள் பள்ளியில் இதற்கெல்லாம் மென்பொருள் ஏது என்று கேட்பீர்கள். நீங்கள் ஏற்கெனவே எக்ஸ்எம்எல்லைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2007 பதிப்பு முதல் வேர்டு மென்பொருள் சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு, எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கட்டி வைத்த பொட்டலம். ஒரு கோப்பை நகலெடுத்து, நகலின் பின்னொட்டை 'ஸிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். மாணவர்களுக்கும் காட்டுங்கள்.

வேர்டில் தலைப்பைப் பெரிய எழுத்தாக்கித் தடித்து விடாமல், 'ஹெடிங்' என்ற ஸ்டைலைப் பயன்படுத்துங்கள். படிகளுக்கு எண்களைத் தானே இடும் பட்டியலைப் பயன்படுத்துங்கள். இவ்வளவு செய்தாலே ஆவணத்துக்கு எலும்புக்கூடு கிடைத்துவிடும். திரைவாசிப்பு மென்பொருள் கொண்டு படிக்கும் மாணவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்ல முடியும். வெறும் தடித்த எழுத்தில் இருந்தால் அவருக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

பாடநூலையோ கையேட்டையோ மாணவர் சந்தேகிப்பதில்லை. அச்சில் வந்துவிட்டால் அதை அப்படியே செய்வார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தர வேண்டிய மரியாதைதான் மெய்ப்பு. பெட்டிகளை எண்ணும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அதனால் மிச்சமாகும் நேரத்தில், ஒவ்வொரு படியையும் ஒரு மாணவரின் கையாக இருந்து ஒருமுறை செய்து பாருங்கள்.