பஸ் பிடிக்கும் முன் மூன்று கேள்விகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நம் குடியிருப்பிலிருந்து எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்றுலா போவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எங்கே என்பதுதான் பாக்கி. வாட்ஸ்அப் குழுவில் கொல்லிமலை, குற்றாலம், ஊட்டி, ஏலகிரி, பிச்சாவரம், வேடந்தாங்கல் என்று ஆறு பெயர்கள் வந்திருக்கின்றன. ஆறுமே நல்ல இடங்கள்தான். ஓட்டெடுப்பு வைத்தால் ஏதோ ஒன்று ஜெயிக்கும். அதற்கு முன்னால் நீங்கள் எல்லோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நான்கு பேர் காரில் போவதும், நாற்பத்தைந்து பேர் பஸ்ஸில் போவதும் ஒன்றல்ல. காரில் போகிறவர்கள் மழை வந்தால் திரும்பிவிடலாம், பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போகலாம். பஸ்ஸில் ஆறு வயதுக் குழந்தையும் இருக்கும், முழங்கால் வலியோடு பாட்டியும் இருப்பார், சாப்பாடு அரை மணி தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும் பெரியவரும் இருப்பார். அதனால் எந்த இடமாக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாம் போகும் மாதத்தில் அந்த இடம் எப்படி இருக்கும்? நம்மில் மிக மெதுவாக நடப்பவர் அங்கே என்ன செய்வார்? அங்குள்ள விதிகள் என்ன?

முதலில் மாதம்.

குற்றாலத்தில் சீசன் என்பது தென்மேற்குப் பருவமழையை ஒட்டியது. பொதுவாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் சீசனில் போவதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் அருவிக்கு வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். தண்ணீர் கலங்கி, செத்தை சருகுகளோடு வர ஆரம்பித்தால் யாரும் சொல்வதற்குக் காத்திராமல் வெளியே வந்துவிட வேண்டும். போலீசார் குளிக்கத் தடை போட்டால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஐந்து நிமிஷம்தானே" என்று வாதாடக் கூடாது.

காட்டில் நடப்பதற்கும் மாதம் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். நம் சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். இப்போது முறையாக மலையேற வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'டிரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதியோடு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். நம் பிள்ளைகள் மலையேற ஆசைப்பட்டால் இந்த வழியாகத்தான் போக வேண்டும். "தெரிந்த ஒருவர் கூட்டிப் போகிறார்" என்பதெல்லாம் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, மெதுவாக நடப்பவர்.

கொல்லிமலைக்கு நிறையப் பேர் ஆதரவு தெரிவித்திருக்கிறீர்கள். மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். இளைஞர்களுக்கு அது அருமையான அனுபவம். ஆனால் நம் பஸ்ஸில் பாதிப் பேர் மேலேயே உட்கார்ந்து மற்றவர்களின் பைகளைக் காவல் காக்க வேண்டியிருக்கும். அவர்களும் அதே கட்டணம் கட்டித்தான் வருகிறார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நாங்க இங்கேயே இருக்கோம்" என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அடுத்த வருஷம் பெயர் கொடுக்கமாட்டார்கள்.

மலைதான் வேண்டும் என்றால் ஏலகிரியைப் பாருங்கள். வளைவுகள் 14தான். பஸ் மேலே வரை போகும். புங்கனூர் ஏரியில் படகு விடலாம், கரையில் நடக்கலாம். ரயிலில் ஜோலார்பேட்டை வரை போய் அங்கிருந்து வண்டி வைத்துக்கொள்ளவும் முடியும். ஊட்டி அளவுக்குக் குளிராது. பெரியவர்களுக்கு அது நல்லதுதான்.

பிச்சாவரத்தில் உட்கார்ந்தபடியே காட்டைப் பார்க்கலாம். அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும். மோட்டார் படகு அகலமான கால்வாயில் மட்டும் போகும், துடுப்புப் படகுதான் கிளைகள் தலையில் இடிக்கும் குறுகிய சந்துகளுக்குள் கூட்டிப் போகும். அதனால் துடுப்புப் படகையே எடுங்கள். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடம் என்று சொன்னால் நம் மூத்தவர்கள் பாதிப் பேர் இப்போதே பெயர் கொடுத்துவிடுவார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டின் மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல், கிளையை ஒடிக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்தது. படகில் ஏறி இறங்கும்போது மட்டும் பெரியவர்களுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும். உச்சி வெயிலைத் தவிர்க்கக் காலையிலேயே போக வேண்டும், ஆகவே முந்தின நாள் இரவு சிதம்பரத்தில் தங்கினால் நடராஜர் தரிசனமும் ஆயிற்று.

வேடந்தாங்கல் நமக்கு ஏறத்தாழ 80 கி.மீ. தூரம், அரை நாள் போதும். ஏரிக்கரை மேலேயே பாதை, ஏற்றம் கிடையாது. வடகிழக்கு மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருந்தால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று மரம் முழுக்கப் பறவைகள் இருக்கும். மழை பொய்த்த வருஷத்தில் போனால் வெறும் மரம்தான். இந்தப் பறவைகளை முதலில் காத்தது சட்டம் இல்லை, ஊர் மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே போய் நாம் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, விதிகள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நாம் அமர்த்தும் சுற்றுலா பஸ்ஸுக்கும் பாஸ் வேண்டும். மே மாதம் எல்லோரும் போகும் நாளில் நாமும் போனால் மலைப்பாதையில் நின்று நின்றுதான் போக வேண்டியிருக்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு. எங்கே போனாலும் இருபது லிட்டர் கேன் இரண்டை பஸ்ஸில் ஏற்றிக்கொள்வோம், அவரவர் வீட்டு எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டு வருவோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நம் பிளாக்கில் தினமும் பிரிக்கிறோம். மலையிலும் பிரித்து, மக்காததைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வந்து நம் தொட்டியிலேயே போடுவோம்.

பஸ்ஸுக்குள்ளும் சில ஏற்பாடுகள் தேவை. கூட்டமாகப் போகும்போது ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறோம். அதனால் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவோம். பஸ் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தலை எண்ண வேண்டும். தண்ணீர் உள்ள இடங்களில் குழந்தைகளைப் பார்க்க என்று இருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும், அவர்கள் குளிக்கக் கூடாது. குடித்துவிட்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, வழியில் கழிப்பறை எங்கே என்று தெரியாததால் பெண்களும் பெரியவர்களும் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிறுத்துவோம் என்பதைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடுவோம்.

என் யோசனை இதுதான். ஜனவரியில், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, வேடந்தாங்கலுக்கு ஒரு அரை நாள். பிப்ரவரியில் ஓர் இரவு தங்கி பிச்சாவரம். கொல்லிமலை ஆசை உள்ள இளைஞர்கள் தனியாக ஒரு வேனில் போய் வரட்டும், சங்கம் உதவி செய்யும். ஆனால் எல்லோர் பெயரிலும் போகும் பஸ், எல்லோரும் இறங்கிப் பார்க்கக்கூடிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

செக்யூரிட்டி மேஜையில் ஒரு படிவம் வைக்கப்பட்டிருக்கிறது. பெயர், வயது, எத்தனை படி ஏற முடியும், என்ன மருந்து எடுக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று நிரப்பித் தாருங்கள். வீட்டில் "நான் எதுக்கு, நீங்க போங்க" என்று சொல்லும் பெரியவர் இருந்தால் அவர் பெயரையும் முதலில் எழுதுங்கள். அந்தப் படிவங்களைப் பார்த்துவிட்டு ஓட்டெடுப்பை வைப்போம்.