'டிரிப்' ஆனால் பதற வேண்டாம்

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் உறுப்பினர்களில் பலர், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான தம்பதிகளாகத் தனியே வசிக்கிறார்கள். எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது, நம் வீட்டில் மட்டும் இருட்டு என்றால் கை கால் ஓடாது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் மின்சார வேலையிலேயே இருந்தவன். அதனால் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

வாசல் பக்கம் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறந்து பாருங்கள். வரிசையாக இருப்பவை எம்.சி.பி. சற்று அகலமாக, 'டெஸ்ட்' பட்டனுடன் இருப்பது ஆர்.சி.சி.பி. பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்கிறோம். எது விழுந்திருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

எம்.சி.பி. என்றால், சில நிமிஷம் கழித்து விழுந்ததா, போட்டவுடனே விழுந்ததா என்று கவனியுங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதே லைனில் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால் 21 ஆம்பியரைத் தாண்டிவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. சற்று நேரத்தில் விழத்தான் செய்யும். ஒன்றை நிறுத்தினால் போதும். போட்ட கணமே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். மறுபடி மறுபடி போடாதீர்கள்.

"16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடுகிறேன், சார்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எம்.சி.பி. காப்பது கீசரை அல்ல, சுவருக்குள் போகும் ஒயரை. ஒயர் அதேதான், சுவருக்குள்ளேயே சூடேறும்.

ஆர்.சி.சி.பி. வேறு ஜாதி. அது ஒரு கணக்குப்பிள்ளை. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுவதும் திரும்பியதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடும். குறைந்தது எங்கே போயிற்று? எர்த் வழியாக, அல்லது நம் உடம்பு வழியாக.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க வழி இது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள். எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்விட்ச் ஃபேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் பக்கக் கசிவு அப்படியே இருக்கும். பிறகு ஆர்.சி.சி.பி.யைப் போட்டு, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அப்போதே விழுந்தால் கோளாறு ஒயரிங்கில். எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். நின்றால், பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான். பெரும்பாலும் கீசர், வெட் கிரைண்டர், வாஷிங் மெஷின் இவற்றில் ஒன்று. மழைக் காலத்தில் வெளிச்சுவர் விளக்கில் ஈரம் இறங்கியிருக்கலாம். இன்வர்ட்டர் வைத்த நாளிலிருந்து தொல்லை என்றால், அதன் நியூட்ரல் மற்ற லைனோடு கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மும்பையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா வீட்டில் ஆர்.சி.சி.பி. தினமும் விழுந்தது. வந்த எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போனார். தொல்லை தீர்ந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். சில நாளில் மாமி குளியலறைக் குழாயைத் தொட்டபோது சுரீர் என்றது. கீசரின் எலிமெண்ட் கெட்டு, எர்த்தும் விட்டுப் போயிருந்தது. மாமி பிழைத்தது தெய்வாதீனம். எலிமெண்ட் மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆயிற்று.

ஈரக் கையோடு பெட்டியைத் தொடாதீர்கள். கருகல் வாசனை வந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை அந்த 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். அமாவாசை அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அழுத்தியும் விழாத ஆர்.சி.சி.பி.யை உடனே மாற்றிவிடுங்கள்.