கொலைகாரனுக்குப் பெயர் வைத்தவர்கள்



கொலைக் கதை என்றால் நம் எல்லோருக்கும் காது நீண்டுவிடுகிறது. நானும் அத்தகைய நூல்களைத் தேடி வாசிக்கிறவன்தான். அவற்றுள் எழுத எழுதத் தீராத ஒன்று, 1888ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் ஐந்து பெண்களைக் கொன்றவனின் கதை.

அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் ‘ஜாக் த ரிப்பர்’ என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. அந்தப் பெயர் எப்படி வந்தது? அவ்வாண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி லண்டனில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில், கொலைகளைச் செய்தவன் தானே என்று சொல்லி, ஒருவன் அந்தப் பெயரில் கையொப்பமிட்டிருந்தான். அது ஒரு பத்திரிகைக்காரரின் கைவேலை என்று பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் பின்னாளில் கூறினர். அப்படியானால் கொன்றவன் ஒருவன், பெயர் சூட்டி விற்றவன் இன்னொருவன்.

இறந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? ஐவரில் முதலாவது மேரி ஆன் நிக்கல்ஸ். வயது 43. ஓகஸ்ட் 31 அதிகாலையில், கட்டில் வாடகை நாலு பென்ஸ் இல்லாததால் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். தன் புதுத் தொப்பியைக் காட்டி, காசு சீக்கிரம் கிடைத்துவிடும் என்று சிரித்துக்கொண்டு போனாராம். ஹலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியை 2019இல் இந்த ஐவரின் வாழ்க்கையை நூலாக எழுதினார். கொலை வர்ணனைக்கு அதில் இடமில்லை.

2015இல் அதே கிழக்கு லண்டனில் ஒரு நூதனசாலை திறந்தார்கள். பெண்களின் வரலாற்றைக் காட்டப்போவதாகச் சொல்லி அனுமதி வாங்கிய கட்டிடம் அது. திறந்தபோது பெயர்ப்பலகையில் இருந்தது ஜாக் த ரிப்பர்! அயலவர்கள் வீதியில் நின்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

கொல்லத் தூண்டுவது எது என்று கேட்பீர்கள். இரகசியமாக ஒவ்வொருவராகக் கொல்பவன் வேறு, கூட்டத்தின்மேல் சுடுபவன் வேறு. பின்னவன் பெரும்பாலும் ஒரு மனக்குறையை நெடுநாள் வளர்த்து, அதற்குக் கொள்கைச் சட்டை போட்டு, உலகம் தன்னைப் பார்க்கவேண்டுமென்று புறப்படுகிறான். பைத்தியம் என்று தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திட்டமிடும் புத்தி அவனிடம் நன்றாகவே இருக்கிறது.

2019 மார்ச் 15ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில், இரு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், தலைக்கவசத்தில் கமராவைப் பொருத்திக்கொண்டே போனான். அந்தக் காட்சியின் 15 இலட்சம் பிரதிகளை முதல் 24 மணித்தியாலத்தில் நீக்கியதாகவும் தடுத்ததாகவும் பேஸ்புக் நிறுவனம் அறிவித்தது. அத்தனையையும் ஏற்ற முனைந்தவன் அவனல்லன். வீட்டிலிருந்த மனிதர்கள்.

அவன் பெயரை உச்சரிக்கமாட்டேன் என்று பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் சொன்னார். நானும் சொல்லவில்லை. 2020 ஓகஸ்டில் நீதிமன்றத்தில், உயிர் தப்பியவர்களும் இறந்தோரின் உறவினருமாக 90 பேரளவில் மூன்று நாட்கள் பேசினார்கள். மன்னித்தேன் என்றார் ஒரு தாய். மாட்டோம் என்றார்கள் வேறு பலர். தன் முறை வந்தபோது அவன் பேச விரும்பவில்லை. பரோல் இல்லாத ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.