பாறையோடு பாறையாக



பனிச்சிறுத்தையை மலையில் நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒரு கையும் இல்லை! அது உலாவும் மலையடிவாரத்திலேயே பிறந்து நரைத்து, ஒருமுறைகூடப் பார்க்காமல் கண்மூடியவர்கள் உண்டு. அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் வடக்கே, இந்துகுஷ் மலைக்கு ஒரு ஒளிப்பதிவாளர் போனார். பிபிசியின் ‘பிளானட் எர்த்’ தொடருக்காக. போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டாரா? விட்டு விட்டு மூன்று ஆண்டு! குளிரில் பாறையோடு பாறையாகக் கிடந்தார்.

அந்தத் தொடர் லேசுப்பட்டதல்ல. ஐந்து ஆண்டு உழைப்பு, 11 பகுதிகள், 60 நாடுகளுக்கு மேல், 200 இடங்கள் என்பார்கள். பிபிசி முழுக்க உயர்தெளிவுக் கேமராவில் எடுத்த முதல் பெரிய இயற்கைத் தொடர். ஹெலிகாப்டரின் வயிற்றில், ஆடாத கேமராவைப் பொருத்தினார்கள். கீழே ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் மானை விரட்டுகின்றன; மேலே ஆள் பறப்பதை அவை சட்டைசெய்யவே இல்லை!

அதே தொடருக்காகப் போர்னியோவின் கோமாந்தோங் குகைக்குப் போன குழுவின் பாட்டைக் கேளுங்கள். வௌவால் எச்சம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதன்மேல் கரப்பான்பூச்சிகள் விரித்த கம்பளம். அதில் கால் வைத்து நடந்து படமெடுக்க வேண்டும். நம் வீட்டுச் சமையலறையில் ஒரு கரப்பான் வந்தால் நாற்காலிமேல் ஏறும் வீரர்கள் நாம்! (சிரிக்காதீர்கள், முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.)

சில நண்பர்கள் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். “இதில் என்னய்யா கலை? கேமராவை வைத்தால் காடு தானாக நடிக்கும்” என்கிறார்கள். நடிக்க வைத்தவர்களின் கதை அந்த அறிவாளிகளுக்குத் தெரியுமா? 1958-ல் ‘ஒயிட் வில்டர்னஸ்’ என்று ஒரு படம். லெம்மிங் என்ற குட்டி விலங்குகள் கூட்டங்கூட்டமாகக் கடலில் குதித்துச் சாகும் என்று காட்டியது. உலகம் நம்பியது, ஆஸ்கரும் கிடைத்தது. உண்மை என்ன? அவை வாழாத ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கி வந்து, சுழல்மேடையில் ஓடவிட்டு, கரையிலிருந்து ஆற்றில் தள்ளிப் படமெடுத்தார்கள். கடலாம் கடல்! 1980களில் கனடாத் தொலைக்காட்சி அதைப் போட்டுடைத்தது.

நம் ஒளிப்பதிவாளர் யாரையும் தள்ளவில்லை. கிடந்தார், அவ்வளவுதான்.

கடைசியில் வந்தாள் ஒரு தாய்ப் பனிச்சிறுத்தை. கீழே ஒரு மார்க்கோர் ஆடு. செங்குத்துச் சரிவில் பாய்கிறாள், நீண்ட வால் காற்றில் சுழன்று உடம்பைத் தாங்குகிறது. ஆடு ஒரே தாவாகத் தாவி ஆற்றில் விழுந்து தப்பிவிட்டது. வெறுங்கையோடு திரும்பினாள். ஆமாம், தோற்ற வேட்டை! உலகம் அதைத்தான் மூச்சடக்கிப் பார்த்தது.

2006 மார்ச் 5-ஆம் தேதி ‘பிபிசி ஒன்’ அலைவரிசையில் தொடரின் முதல் பகுதி. ஐந்து பகுதிகள் ஓடியதும் நிறுத்திவிட்டு, மிச்சம் ஆறை நவம்பரில்தான் தொடர்ந்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது அதுவரை விளக்கம் சொன்ன டேவிட் அட்டன்பரோவின் குரலை எடுத்துவிட்டு சிகோர்னி வீவரைப் பேசவைத்தார்கள். ‘ஏலியன்’ படத்தில் வேற்றுக்கிரகப் பிராணியோடு மல்லுக்கட்டியவர், நம் கிரகத்துக்கு விளக்கம் சொன்னார்! நல்ல நடிகைதான், வழக்கு அதுவல்ல. யார் குரல் என்று இவ்வளவு பார்த்தார்களே, பாறையில் கிடந்தவரை எவராவது கேட்டார்களா?

அவைத்தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். சரி, விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், தொடரில் மலைகளைப் பற்றிய அந்தப் பகுதியையே பார்ப்போம். முடிவில் பெயர்கள் ஓடும்போது மட்டும் யாரும் செருப்பைத் தேடி எழுந்துவிடாதீர்கள். அவர் பெயர் அங்கேதான் வரும், கண்ணிமைக்கும் நேரம்.