தூக்க மறுக்கும் டிராக்டர்



சில மாதங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்று, "சார், எங்கப்பா ஓட்டுற சின்ன டிராக்டர் குலையைத் தூக்க மாட்டேங்குது. எண்ணெய் தூக்குதுன்னு சொல்றாங்க. எண்ணெய் எப்படி சார் தூக்கும்?" என்று கேட்டான்.

மறுநாள் ஊசி போடும் பிளாஸ்டிக் குழல்கள் இரண்டை ஊசியில்லாமல் வாங்கிச் சென்றேன். ஒன்று மெலிந்தது, மற்றொன்று பருத்தது. இரண்டையும் ஒரு சிறு ரப்பர்க் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினேன். மெலிந்த குழலின் தண்டை ஒரு சிறுமி விரலால் அழுத்தினாள். பருத்த குழலின் தண்டைப் பிடித்திருந்த பையன் பலசாலி. ஆனாலும் அவனால் அதை நிறுத்த முடியவில்லை. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கிய விதி இதுதான். பிறகு வேண்டுமென்றே குழாய்க்குள் கொஞ்சம் காற்றை விட்டேன். சிறுமி அழுத்தினாள். பஞ்சை அழுத்துவது போலிருந்ததே தவிர, மறுபக்கம் சரியாக அசையவில்லை. டிராக்டரின் வியாதிகளில் பாதியை அந்தப் பிள்ளைகள் அன்றே கண்டுவிட்டார்கள்.

கணக்கையும் பாருங்கள். பம்பு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அது தள்ளும் பலம் 3,850 கிலோ! கையளவு இரும்புத் துண்டு ஏறக்குறைய நான்கு டன் தள்ளுகிறது. நன்மையும் ஆபத்தும் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கின்றன.

செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடும், தரம் குறையும். ஆகவே டிராக்டர் நின்றால் கிராணியும் மண்டோரும் ஓட்டுநரைச் சுற்றி நின்று அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில்தான் ஸ்பேனர் முதலில் கைக்கு வருகிறது. அது கடைசியில் வரவேண்டிய பொருள்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தூக்கியிருப்பதைக் கீழே இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து அளவுக் கம்பியை எடுங்கள். பல சிறிய டிராக்டர்களில் கியர்ப் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் எண்ணெய் ஒன்றே. சமதரையில் நன்றாகத் தூக்கி, மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினால், எண்ணெய் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்று சந்தேகப்படலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மழையில் நிற்கும் வண்டிகளில் இது வரும். நுரைத்திருந்தால் காற்று நுழைகிறது. இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் ஒரு கவ்வி தளர்ந்திருந்தால், எஞ்சின் ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டவேண்டும் என்பதில்லை. காற்றுத்தான் உள்ளே போகும். வெளியே ஈரமில்லை, ஆகவே ஒழுகல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது வடிகட்டி. மெதுவாகத் தூக்குகிறது, பம்பும் முனகுகிறது என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள்.

இனி நோயைப் பிரித்தறிவது. காலி வண்டியைத் தூக்கிப் பாரத்தைத் தூக்கவில்லையென்றால், பம்பு தேய்ந்திருக்கலாம், அல்லது மிகுதி அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு முன்னதாகவே திறந்துகொள்ளலாம். நன்றாகத் தூக்கி, எஞ்சினை அணைத்தபின் மெல்ல மெல்ல இறங்கினால் பம்பைக் குறைசொல்லாதீர்கள். சிலிண்டரின் ரப்பர் வளையத்திலோ கட்டுப்பாட்டு வால்விலோ கசிவு இருக்கிறது. பின்பக்கக் கருவி தூக்கியபடியே நின்று இறங்க மறுத்தால், பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் இருக்கும் இறங்கு வேகக் குமிழை யாராவது முழுக்க முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரு தோட்டத்தில் டிரெய்லர் நிமிரவில்லை என்று பம்பையே கழற்றிப் பட்டறை மேசையில் பரப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வேலை நின்றது. கடைசியில் குற்றம் எங்கே? டிரெய்லருக்குப் போகும் குழாயின் இணைப்பு முனை முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளவில்லை. அந்த முனைக்குள் ஓர் அடைப்பான் உண்டு. சரியாகப் பொருந்தினால்தான் அது திறக்கும். ஒரு துணியால் மண்ணைத் துடைத்து அழுத்தியிருந்தால் போதும். அந்த மேசையருகே நின்றவர்களில் நானும் ஒருவன். எனக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அழுத்த விடுவிப்பு வால்வின் திருகை மட்டும் நீங்களாக முடுக்காதீர்கள். தகுந்த அழுத்தமானி உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். முடுக்கினால் சில நாள் பலமாகத் தூக்கும், பிறகு குழாய் வெடிக்கும்.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் உள்ளவர்களும் கவனமாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர், குழாயில் எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்த்தார். விரலில் முள் குத்தியது போன்ற புள்ளி. அவ்வளவு வலிக்கவுமில்லை. மருந்து பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். மறுநாள் கை வீங்கியது. விரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சதையை அழிக்கும். ஒழுகலைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டுங்கள், கையை அல்ல. பட்டுவிட்டால் காயம் சிறிதென்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் குத்துக்காயமாகத் தெரியக்கூடும்.

தூக்கி நிற்கும் டிரெய்லருக்கு அடியிலும் முட்டுக்கொடுக்காமல் போகக்கூடாது. குழாயைக் கழற்றுமுன் எல்லாவற்றையும் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, நெம்புகோல்களை முன்னும் பின்னும் அசைத்து, அடங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

அந்த மாணவனின் அப்பாவுடைய வண்டியைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு வாரம் கழித்துப் பையன் சிரித்துக்கொண்டே வந்தான். உறிஞ்சு குழாயின் கவ்வி தளர்ந்திருந்ததாம். எண்ணெய் நுரைத்திருப்பதை முதலில் பார்த்துச் சொன்னவனே அவன்தானாம்.