ஆங்கில மாதரின் உடையும் உடைமையும்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து மாதர் எவ்வாறு உடுத்தினர் என்பதைச் சொல்ல வந்துள்ளேன். இளைஞர் சங்கத்துக்கு இது எதற்கென்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும், சற்றுப் பொறுத்தருள்க.

1795ஆம் ஆண்டளவில் அங்கே விரிந்த பாவாடைகள் மறையத் தொடங்கின. கிரேக்கச் சிலைகளைப் பார்த்து, மார்புக்குக் கீழே இறுக்கி, அங்கிருந்து கால்வரை நேரே தொங்கும் வெள்ளை மஸ்லின் அங்கி வழக்காயிற்று. மஸ்லினிற் சிறந்தது நமது அயல் நாடாகிய வங்காளத்தின் டாக்காவில் நெய்யப்பட்டது. பின்னர் ஆங்கில ஆலைத்துணி மலிந்தது. டாக்கா நெசவாளரின் பிழைப்புக் கெட்டது. குளிருக்குக் காஷ்மீரச் சால்வை போர்த்தனர். அதைப் பார்த்து ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தார் நெய்த சால்வையினால், நாம் சேலைக் கரையில் மாங்காய் என்னும் வேலைப்பாட்டுக்கு அந்நகரின் பெயரே மேல்நாட்டில் நிலைத்துவிட்டது!

தையல் இயந்திரம் இல்லாத காலம். ஆடவரின் சட்டைகளை வீட்டுப் பெண்களே கையால் தைத்தனர். புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினும் தம் சகோதரருக்குச் சட்டை தைத்தவரே. வெள்ளை அங்கியை அடிக்கடி வெளுக்கவேண்டும். நீர் சுமந்து, காய்ச்சி, கசக்கிய கைகள் பெரும்பாலும் வேலைக்காரிகளுடையவை.

முன்பு பாவாடைக்குள் இடுப்பிற் கட்டிய பெரிய பைகளில் திறப்பு, கத்தரி, காசு யாவும் கிடந்தன. மெல்லிய அங்கிக்குள் அவை துருத்தித் தெரிந்தன. ஆகவே கையில் ஒரு சிறு பை வந்தது.

அந்தப் பையிலுள்ள காசு யாருடையது? மணமானவளாயின், சட்டப்படி கணவனுடையது. அவள் கொண்டுவந்த பணமும், உழைத்துப் பெற்ற கூலியும் அவனையே சேர்ந்தன. செல்வர் மட்டும் தனியே பத்திரம் எழுதி மகளின் பொருளைக் காத்தனர். ஒஸ்ரின் அம்மையார் 1811இல் தம் பெயரின்றி, 'ஒரு சீமாட்டி' எழுதியதென வெளியிட்ட முதல் நாவலின் முதற்பதிப்பால் 140 பவுண் பெற்றார். மணமாகாதவராதலின் அது அவருக்கே உரியதாயிற்று. மணமான மாதருக்கு 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை அந்த உரிமை கிட்டவில்லை.

யாழ்ப்பாணத்திலோ, 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்து, 1806இல் ஆங்கிலேயரே உறுதிசெய்த தேசவழமைப்படி, பெண்ணின் சீதனம் மணத்தின் பின்னும் அவளுடையதாகவே இருந்தது. கவர்னரின் மனைவிக்கில்லாத உரிமை நம் கிராமத்துப் பெண்ணுக்கு இருந்தது எனலாம். கைதட்டுமுன் ஒன்று: அவள் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதனை நீக்கவில்லை.